செவ்வாயில் காராமணி விளையுமா?

வேளாண்மைக் கல்லூரியில் மண்ணியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர், வேற்றுக்கிரகக் குடியேற்றம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

இஸ்ரோ விண்வெளியில் காராமணியை முளைக்க வைத்துவிட்டது. அப்படியானால் செவ்வாயில் விவசாயம் செய்யலாம்தானே?
– வாசகர், சாத்தூர்

முளைப்பது வேறு, விளைவது வேறு. வானம் பார்த்த பூமிக்காரரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் போன எட்டு காராமணி விதைகள் நான்கே நாளில் முளைவிட்டன. அப்புறம் இலையும் விட்டன. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முதல் சில நாளுக்கான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. ஈரமும் கொஞ்சம் சூடும் காற்றும் இருந்தால் வெறும் துணியில்கூட முளைக்கும். பூத்துக் காய்த்து நாலு பேர் வயிற்றை வருஷம் முழுக்க நிரப்புவதற்குத்தான் மண் வேண்டும்.

செவ்வாயில் இருப்பது பாறைத் தூள். அதில் மட்கு கிடையாது, மண்புழு கிடையாது, வேர்முடிச்சில் உட்கார்ந்து தழைச்சத்து பிடித்துத் தரும் பாக்டீரியாவும் கிடையாது. போதாக்குறைக்கு பெர்குளோரேட் என்ற உப்பு வேறு. 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் அங்கே வடக்குப் பகுதியில் இறங்கி மண்ணைத் தோண்டிச் சோதித்தபோது, எடையில் ஏறக்குறைய அரை சதவீதம் இந்த உப்பு இருப்பது தெரிந்தது. பட்டாசிலும் ராக்கெட்டின் திட எரிபொருளிலும் சேர்க்கிறார்களே, அதே வகைதான். உணவு வழியாகத் தொடர்ந்து உடம்பில் சேர்ந்தால் தைராய்டு கெடும். நீரில் கரையும் என்பதால் மண்ணைக் கழுவி எடுக்கலாம். கழுவும் தண்ணீருக்கு நிலத்தடிப் பனியை வெட்டி உருக்க வேண்டும், உருக்க மின்சாரம் வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டுச் சீர்திருத்தவே இங்கே எத்தனை பேர் மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்தவன் நான்.

அப்போலோ பயணிகள் கொண்டுவந்த நிலவு மண்ணில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் கடுகுக் குடும்பச் சிறு செடி ஒன்றை வளர்த்துப் பார்த்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். போட்ட விதையெல்லாம் முளைத்தது. பிறகு வளர்ச்சி குன்றி, சில செடிகளின் இலை சிவந்துபோனது. படத்தைப் பார்த்தபோது உவர் நிலத்து நாற்றங்கால் ஞாபகம்தான் வந்தது.

பெரிய கண்ணாடிக் கூடாரம் போட்டு, உள்ளே மரம் நட்டால் ஆக்சிஜன் தானே வந்துவிடும். இதில் என்ன கஷ்டம்?
– வாசகி, அரியலூர்

இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள் அம்மா, இந்தப் பூமியிலேயே. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஆரக்கிள் என்ற ஊருக்குப் பக்கத்தில் ‘பயோஸ்பியர் 2’ என்று மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகமான இடத்தைக் கண்ணாடியால் மூடினார்கள். உள்ளே குட்டி மழைக்காடு, குட்டிக் கடல், வயல், ஆடு, கோழி எல்லாம் உண்டு. 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே போனார்கள். இரண்டு வருஷம் வெளிக்காற்று இல்லாமல் வாழ்வதாக ஏற்பாடு.

ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து மெல்ல மெல்லக் குறைந்து, பதினாறு மாதத்தில் 14.5 பக்கம் வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சிரைத்தது, ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனை உள்ளே விட்டார்கள். பணத்துக்குக் குறைவில்லை, மரத்துக்கும் குறைவில்லை. பிறகு எங்கே போனது ஆக்சிஜன்?

முதல் காரணம் என் துறை சம்பந்தப்பட்டது. பயிர் செழிக்க வேண்டும் என்று மட்கு நிறைந்த மண்ணைத் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். மட்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விட்டன. சரி, அந்த வாயுவைச் செடிகள் வாங்கி ஆக்சிஜனாகத் திருப்பியிருக்க வேண்டாமா? அதற்குள் அதில் கணிசமான பங்கைப் புதுக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டன. சுவரில் இருந்த சுண்ணாம்பு, வாயுவோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாக மாறிவிட்டது. அவர்கள் சுவாசிக்க வேண்டிய ஆக்சிஜன் சுவருக்குள் போய் உறைந்திருந்தது! கொலம்பியா பல்கலைக்கழக ஆட்கள் கண்டுபிடித்துச் சொல்லும்வரை இது யாருக்கும் பிடிபடவில்லை. அரியலூர் சிமெண்ட் ஊர் என்பதால் உங்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

இன்னும் கேளுங்கள். மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் செத்துப்போயின, எறும்பும் கரப்பானும் பெருகின. நன்றாக விளைந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை அள்ளி அள்ளித் தின்றதில் சிலருக்குத் தோலே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஒரு பெண்ணுக்கு நெல் இயந்திரத்தில் விரல் நுனி வெட்டுப்பட்டு, வெளியே போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்ப வேண்டியிருந்தது. எட்டுப் பேரும் நாலு நாலு பேராகப் பிரிந்து முகம் கொடுத்துப் பேசாத நிலைக்குப் போனார்கள். கதவைத் திறந்தால் அரிசோனா இருந்ததால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பத்திரிகைகள் இதைத் தோல்வி என்று கேலி செய்தன. ராக்கெட் விடுவதைவிடப் பயனுள்ள வேலை என்பேன் நான்.

செவ்வாயில் ஆரம்பத்தில் மரத்தை நம்ப முடியாது, இயந்திரம்தான். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்சிவரன்ஸ் ரோவரில் மாக்ஸி என்ற பெட்டி, அங்குள்ள கரியமில வாயுவைப் பிரித்து ஆக்சிஜன் எடுத்தது. 2021 முதல் 2023 வரை பதினாறு முறை ஓடி, மொத்தம் 122 கிராம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 840 கிராம் வேண்டும். ஆக, எடுத்தது மூன்றரை மணி நேர மூச்சு. ஆனாலும் அந்தப் பெட்டி சொன்னதைச் செய்தது, அதை மறுக்க மாட்டேன்.

நிலவு பக்கம்தானே? முதலில் அங்கே குடியேறலாமே?
– வாசகர், நாமக்கல்

மூன்று நாள் பயணம் என்பது பெரிய வசதிதான். ஏதாவது கெட்டுப்போனால் திரும்பி ஓடி வரலாம். இடைஞ்சல் ராத்திரி. அங்கே ஒரு ராத்திரி என்பது நமக்குப் பதினான்கு நாள். 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் கலமும் பிரக்யான் ரோவரும் ஒரே ஒரு நிலவுப் பகல்தான் வேலை செய்தன. செப்டம்பரில் தூங்க வைத்தார்கள், அந்தக் குளிருக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. தென்துருவத்தில் பெரும்பாலான நாள் வெயில் படும் மேடுகளும், வெயிலே படாத பள்ளங்களில் பனியும் இருப்பதால்தான் எல்லா நாடுகளுக்கும் அந்த இடத்தின் மேல் கண். உங்கள் மாவட்டத்துக்கு இதில் பங்கு உண்டு. நிலவின் மேட்டு நில மண்ணை ஒத்த அனார்த்தசைட் பாறை சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் இருக்கிறது. அதை அரைத்துப் பரப்பித்தான் சந்திரயான்-2 ரோவரை இஸ்ரோ ஓட்டிப் பார்த்தது.

வேறு நட்சத்திரங்களில் பூமி மாதிரிக் கிரகங்கள் இருக்கின்றனவாமே?
– வாசகி, யாழ்ப்பாணம்

இருக்கட்டும். மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா 4.2 ஒளியாண்டு தூரம். விநாடிக்குப் பதினேழு கிலோமீட்டர் போகும் வாயேஜர்-1 விண்கலம் அவ்வளவு தூரம் கடக்க எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும்.

செவ்வாயில் குழந்தை பிறந்தால் எப்படி வளரும்?
– வாசகி, தஞ்சாவூர்

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். கூடாரம், ராக்கெட் என்று பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம். எடையே இல்லாத நிலையில் மாதம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் எலும்பு கரைகிறது என்று தெரியும். பாதி எடையில், கால் எடையில் என்ன ஆகும்? நிலவில் கால் வைத்தவர்கள் பன்னிரண்டு பேர், அதிகபட்சம் தங்கியது 75 மணி நேரம். மனிதனுக்குக் குறைந்த ஈர்ப்பில் உள்ள அனுபவம் மொத்தமும் அவ்வளவுதான். கர்ப்பிணி ஒருவரும் விண்வெளியில் இருந்து பார்த்ததில்லை. போய் ஆராய்ச்சி செய்துவிட்டு வரும் முகாம் இந்த நூற்றாண்டிலேயே அமையும் என்று நம்புகிறேன். பேரன் பேத்தி எடுத்தால்தான் அது ஊர். அதற்கு இப்போது யார் தேதி குறித்தாலும் நம்பாதீர்கள்.

நண்பரின் மகன் கல்யாணத்துக்கு நிலவில் ஒரு ஏக்கர் வாங்கித் தரலாமா? இணையத்தில் விற்கிறார்கள்.
– வாசகர், கோவை

1967-ஆம் வருஷ விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலவைத் தனக்கென்று உரிமை கொண்டாட முடியாது. இந்தியாவும் அதில் உண்டு. நாட்டுக்கே சொந்தமில்லாத இடத்துக்குப் பட்டா கொடுக்க எந்த வி.ஏ.ஓ. இருக்கிறார்? வருவது அழகாக அச்சடித்த காகிதம் மட்டும்தான். அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டு நல்ல பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். மொட்டை மாடியில் கையை ஆடாமல் பிடித்தால் நிலவின் பள்ளங்கள் தெரியும். முழுநிலவன்று வேண்டாம், ஏழாம் எட்டாம் பிறை நல்லது.