கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மூன்று மாதமாக வயிற்றுவலி, தலைவலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. குடும்ப டாக்டரின் மருந்திலும் நிற்கவில்லை. போன வாரம் அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிடுவேனோ என்று பயம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் சொந்தக்காரர் கண்ணில் படும். இதெல்லாம் குடும்ப டாக்டருக்குத் தெரியுமா?
– பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: சகோதரி, இன்றைக்கே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஆராய்ந்து பார்த்த விஷயம் இது. ஏற்கெனவே மனதில் இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான். "மக்களே, நோட்டுல எழுதினத பாத்தேன், சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். 'உனக்கு நாங்க என்ன குறை வச்சோம்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

டாக்டருக்குத் தெரியுமா என்றால், உண்மையைச் சொல்கிறேன். நான் டாக்டருக்குப் படித்தபோது மனநலப் பிரிவில் இரண்டே வாரம்தான். வயிற்றுவலிக்கு எழுதத் தெரிந்த எங்களில் பலருக்குப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவைப் பற்றிக் கேட்க நாக்கு எழாது. ஆனாலும் அவரிடமிருந்தே தொடங்கலாம் என்பேன், ஏனென்றால் மனக்கஷ்டத்தை வயிற்றுவலியாகச் சொல்லிக்கொண்டு உங்கள் மகள் அவரிடம்தான் போகிறாள், அங்கே போனால் சொந்தக்காரர் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. முன்னாடியே போன் செய்து நோட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், பத்து நிமிஷமாவது அவளிடம் தனியாகப் பேசச் சொல்லி நீங்கள் வெளியே உட்காருங்கள். தூக்கம், பள்ளிக்கூடம், யாராவது தொந்தரவு செய்கிறார்களா, சாக நினைத்தாளா, எப்படி என்றும் யோசித்து வைத்திருக்கிறாளா, முன்பு முயன்றாளா, எல்லாம் அவர் கேட்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் கடைசிக் கேள்வியே சாகும் எண்ணத்தைப் பற்றியதுதான். அவள் சொல்வதை எல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டார், உயிருக்கு ஆபத்தென்றால் சொல்வார். அதை அவளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

'வயசுக் கோளாறு, சரியாயிரும்' என்று அவர் முடித்துவிட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை கணக்கெடுத்தபோது, 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள், பையன்களில் 58. அதற்கப்புறமும் பெண்பிள்ளையின் வலியை வயசுக் கோளாறு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

திட்டம் வைத்திருக்கிறேன், முன்பு முயன்றேன் என்று அவள் சொன்னால் சொந்தக்காரர் பார்த்தால் பார்க்கட்டும், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம். அதுவரை தனியே விடாதீர்கள். மனச்சோர்வுக்கு மருந்து ஆரம்பித்தால் முதல் சில வாரம் அடிக்கடி டாக்டரிடம் காட்டுங்கள், இந்த வயதில் சிலருக்கு அப்போது சாகும் எண்ணம் கூடுவதுண்டு, நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம், தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தும் தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவும் இன்று இரவே பூட்டுக்குள் போகட்டும், சாவி உங்கள் கையில் இருக்கட்டும். அவளிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தடுமாறினால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசில்லை, நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.