பதில்: மிஷனுக்குப் போன நண்பன் ஏன் பதிலே போடுவதில்லை?

உங்கள் அறைத்தோழனுக்குக் கோபமெல்லாம் இருக்காது, கவலைப்படாதீங்க. மிஷனுக்காக, அதாவது மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மதப் பிரசாரப் பணிக்காக, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பிரோவோ பயிற்சி மையத்தில் சேர்ந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் பதிலே இல்லை, வந்த ஒரே மெயிலிலும் "ஸ்பானிஷ் மண்டையில் ஏறவே மாட்டேங்குது" என்று புலம்பல் என்கிறீர்கள். நான் மார்மன் இல்லை. ஆனால் யூட்டாவில் குடியிருப்பதால், எங்கள் தெருப் பையன்கள் இப்படிப் போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே சொந்த வேலைக்கு வாரத்தில் ஒரு நாள்தான். துணி துவைப்பது, மெயில், வீட்டுக்குப் பேசுவது எல்லாம் அன்றைக்கே. 2019 வரை கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருஷத்துக்கு இரண்டே போன். இப்போது வாராவாரம் பேசலாம். அதில் அம்மாவுக்குப் போக மிச்சம்தான் நமக்கு.

மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து வகுப்புதான். ஸ்பானிஷுக்குச் சுமார் 6 வாரம். சேர்ந்த சில நாளிலேயே, மதத்தைப் பற்றி விசாரிக்க வந்தவர் மாதிரி நடிக்கும் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து, அரைகுறை ஸ்பானிஷில் பாடம் நடத்த வேண்டும். வியர்த்துக் கொட்டாமல் என்ன செய்யும்? போதாததற்கு, ஜோடியாகச் சேர்த்துவிட்ட இன்னொரு மிஷனரி எப்போதும் கூடவே இருப்பார். குளியலறை தவிர எங்கேயும் தனியாகப் போக முடியாது. என்னைக் கேட்டால், மொழியைவிட இதுதான் கொடுமை.

அவனுக்கு ஒதுக்கிய நாள் எது என்று அவன் அம்மாவிடம் கேட்டு, முந்தின இரவே சின்னதாக ஒரு மெயில் போட்டு வையுங்கள். "எப்போ வருவே?" மட்டும் வேண்டாம், அது இரண்டு வருஷம். கல்லூரி வம்பு, மேட்ச் ஸ்கோர் எழுதுங்கள். தின்பண்டப் பார்சல் அனுப்பினால் கூட இருப்பவர்களுக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.