வெங்காய முத்திரை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸில், லா ஷப்பேல் பக்கம் இருக்கிறேன். போன மாதம் பழைய சாமான் சந்தையில் மூன்று பிஸ்டன் உள்ள பித்தளை ஹார்ன் ஒன்று வாங்கினேன். அதன் விரிந்த வாயில் ‘குவெனோன் கம்பெனி, 94, ஆங்குலேம் வீதி, பாரிஸ்’ என்றும் ‘உலகக் கண்காட்சி 1900’ என்றும் பொறித்திருக்கிறது. 1900இல் பரிசு வாங்கிய கருவி என்று விற்றவர் அடித்துச் சொன்னார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி வெங்காய முத்திரை, கூடவே 24 என்ற எண். மேப்பில் தேடினால் பாரிஸில் அப்படி ஒரு வீதியே இல்லை. போலியா? புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் அம்மா. தேய்க்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கருவி அசல்தான். விற்றவர்தான் கொஞ்சம் அளந்துவிட்டிருக்கிறார்.

அது வெங்காயம் இல்லை, எறிகுண்டு. வெங்காயத் தாள் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருப்பது தீ. தயாரித்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்களை முத்திரையோடு குத்துவது குவெனோன் வழக்கம். ஆக, உங்கள் ஹார்ன் 1924இல் பிறந்தது. 1900 வெறும் விளம்பரம். பக்கத்தில் ‘ஓர் கோன்கூர்’ என்றும் இருக்கிறதா பாருங்கள். பிரெஞ்சில் ‘போட்டிக்கு வெளியே’ என்று அர்த்தம். நடுவர் குழுவில் உட்கார்ந்தவர் போட்டியில் நிற்க முடியாதல்லவா? அதையும் பெருமையாகப் பொறித்துக்கொண்டார்கள்!

குவெனோன் என்றதும் பட்டறையில் சுத்தியலோடு ஒரு கிழவரைக் கற்பனை செய்ய வேண்டாம். அமெதே குவெனோன் ஆலை முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவருக்கு முன் அந்தத் தொழில் கோத்ரோ கையில் இருந்தது. பித்தளைக் கருவிகளை ஆலையில் மொத்தமாகச் செய்து விற்றவர் கோத்ரோ. 1856இல் அவர் சாருசோஃபோன் என்ற ஊதுகருவிக்குக் காப்புரிமை வாங்க, சாக்ஸஃபோனைக் கண்டுபிடித்த அடோல்ஃப் சாக்ஸ் தன்னுடையதைக் காப்பியடித்ததாக வழக்குப் போட்டுத் தோற்றார். இன்று சாருசோஃபோனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வென்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கருவியைச் செய்த கைகளைப் பார்க்க வேண்டுமானால், நாகஸ்வரத்தில் அணசு என்போமே, அந்த விரிந்த வாயைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தகட்டை வெட்டிச் சுருட்டிப் பற்றவைத்த கோடு லேசாகத் தெரியலாம். அங்கே யார் பெயரும் இல்லை.

வீதி காணாமல் போகவில்லை, பெயர்தான் மாறிவிட்டது. 1936இல் அந்த 94ஆம் எண் ஆலையை உலோகத் தொழிலாளர் சங்கம் விலைக்கு வாங்கியது. அந்தச் சங்கத் தலைவர்களில் ஒருவர் ழான்-பியேர் தேம்போ. 1941 அக்டோபர் 22 அன்று ஷத்தோப்ரியான் என்ற ஊரில், பிரான்ஸை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் சுட்டுக்கொன்ற பணயக்கைதிகளில் அவரும் ஒருவர். வீதி இப்போது அவர் பெயரில். கட்டடத்துக்குப் பெயர் ‘மேசோன் தே மெத்தலோ’, உலோகத் தொழிலாளர் இல்லம். உங்கள் ஹார்னில் இருப்பது முதலாளி பெயர். அது கிளம்பி வந்த முகவரியில் இருப்பது தொழிலாளி பெயர்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், புளி வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இங்கே புளிப்பு பிஸ்டனுக்குள் இறங்கும், தேய்க்கத் தேய்க்கப் பொறிப்பும் மழுங்கும். வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். பிஸ்டன்களைக் கழற்றினால் 1, 2, 3 என்ற எண் பார்த்து அதனதன் குழாயிலேயே திரும்பப் போடுங்கள்.

லா ஷப்பேலில் மெட்ரோ 2ஆம் தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் குரோன். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் 94ஆம் எண் வாசல். ஹார்னையும் எடுத்துப் போங்கள்.