மேப்பிள் சாறு எடுக்க வாளி நல்லதா, குழாய் நல்லதா?

பத்துப் பதினைந்து மரம்தான் என்றால் மரத்தில் துளையிட்டு அதன் கீழே மாட்டும் வாளியே போதும். நூறைத் தாண்டினால் மரங்களை இணைத்துச் சாற்றைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிடுங்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட், கனடாவின் கியூபெக் பக்கம் குளிர்காலம் முடியும் நேரத்தில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் சாறு ஓடும். அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். அதைக் காய்ச்சி ஒரு லிட்டர் பாகு எடுக்க ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். அவ்வளவையும் முழங்கால் பனியில் கையால் சுமப்பதை நினைத்துப் பாருங்கள்!

வாளிக்குச் செலவு குறைவு, எந்த மரம் எவ்வளவு தருகிறது என்று கண்ணாலேயே தெரியும். ஆனால் தினமும் காலி செய்ய வேண்டும். வெயில் ஏறினால் சாறு கெட்டுவிடும். மூடி இல்லாவிட்டால் மழைநீரும் பூச்சியும் விழும்.

குழாய் 1950களின் கடைசியில் வந்தது. சரிவான நிலத்தில் சாறு தானாகவே கீழே உள்ள தொட்டிக்கு இறங்கிவிடும். வெற்றிட பம்பு வைத்து உறிஞ்சினால் விளைச்சல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதற்கு ஈடாக வாளியில் ஒன்றுமே இல்லை. அதற்காகக் குழாயை மாட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அணில் கடித்த ஒரு சின்ன ஓட்டையில் காற்று புகுந்தாலும் அந்த வரிசையின் உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும். அதனால் காட்டுக்குள் நடந்து சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பருவம் முடிந்ததும் கழுவவும் வேண்டும், அதுதான் சலிப்பான வேலை.

அப்புறம், எந்த முறையானாலும் 25 சென்டிமீட்டருக்குக் குறைவான விட்டமுள்ள மரத்தில் துளையிடாதீர்கள்.