எல்லோஸ்டோனில் கூடாரத்தை எங்கே போடுவது?

கேள்வி: வரும் ஜூலையில் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நான்கு இரவு தங்கப்போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் மாமியார். மேடிசன் முகாமா, கேன்யன் முகாமா என்று வீட்டில் ஒரே விவாதம். எது நல்லது?
– வாசகி, சியாட்டில்

பதில்: இரண்டும்! இரண்டு இரவு மேடிசன், அப்புறம் இரண்டு இரவு கேன்யன். கூடாரத்தைப் பிரித்து மறுபடி போடுவது வேலைதான், ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பாதி விடுமுறை காருக்குள் போய்விடும். கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர் பூங்கா அது. உள்ளே எட்டு வடிவத்தில் சுற்றும் கிராண்ட் லூப் சாலை மட்டுமே 142 மைல். வேக வரம்பு 45 மைல் என்று போட்டிருப்பார்கள், நடுரோட்டில் ஒரு பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் நின்றுவிட்டால் அது நகரும்வரை நீங்களும் நிற்க வேண்டியதுதான்.

சியாட்டிலிலிருந்து மேற்கு வாசல் வழியாகத்தான் வருவீர்கள், அங்கிருந்து மேடிசன் 14 மைல். ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று அங்கிருந்து 16 மைல். காலையில் முதல் வேலையாக அதைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிட்டு அடிக்கும், அடுத்தது எப்போது என்று அங்கேயே எழுதிப் போட்டிருப்பார்கள், சுற்றிலும் பெஞ்சுகள் உண்டு, மாமியாருக்குச் சிரமம் இருக்காது. கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றுக்கு மட்டும் காலையில் போகாதீர்கள். குளிர்ந்த காற்றில் ஆவி திரண்டு எல்லாவற்றையும் மறைத்துவிடும், பக்கத்தில் மரப்பாதையில் நின்றால் வெள்ளைப் புகைதான் தெரியும். நடுப்பகலில், ஃபேரி ஃபால்ஸ் பாதையில் அரை மைலுக்குச் சற்று மேல் நடந்து மேட்டில் ஏறிப் பாருங்கள். நடுவே ஆழ்ந்த நீலம், அதைச் சுற்றிப் பச்சை, மஞ்சள், விளிம்பில் செம்மஞ்சள். சூடு குறையக் குறைய வேறு வேறு நுண்ணுயிர்கள் வாழ்வதால் வரும் நிறங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆசையாகக் கேட்பார்கள்.

கேன்யனில் 308 அடி உயரத்திலிருந்து விழும் லோயர் ஃபால்ஸ் இருக்கிறது. அதைப் பார்க்கும் ஆர்ட்டிஸ்ட் பாயின்ட்டுக்குக் கொஞ்ச தூரம்தான் நடை, எல்லோரும் போகலாம். அருவியின் விளிம்புக்கு இறங்கும் பாதை செங்குத்து, திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கும். பெரியவர்களை அங்கே கூட்டிப்போக வேண்டாம். விலங்குகள் பார்க்கத் தெற்கே ஹேடன் பள்ளத்தாக்கு பக்கம்தான். ஒரு விடியலை மட்டும் லேமர் பள்ளத்தாக்குக்கு ஒதுக்குங்கள், இருட்டோடு கிளம்ப வேண்டியிருக்கும், கிளம்புங்கள். இங்கிருந்த ஓநாய்களை வேட்டையாடி அழித்துவிட்டதால், 1995-இல் கனடாவிலிருந்து வேறு ஓநாய்களைக் கொண்டுவந்து விட்ட இடம் அது. சாலையோரம் தொலைநோக்கியோடு ஆட்கள் நின்றிருந்தால் நீங்களும் நிறுத்துங்கள், கேட்டால் பெரும்பாலும் பார்க்கக் கொடுப்பார்கள்.

ஒன்று முக்கியம்: கேன்யன் முகாம் 7,900 அடியில் இருக்கிறது. ஜூலை என்றாலும் இரவுக் குளிர் உறைநிலையைத் தொடலாம். மாமியாருக்குக் கம்பளித் தொப்பி, தடித்த மெத்தை, நல்ல ஸ்லீப்பிங் பேக், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மேடிசனில் குளிக்க வசதி இல்லை, கேன்யனில் உண்டு. முதலில் மேடிசன் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கூடாரத்துக்கு வெளியே சமைத்தால் கரடி வருமா?
– வாசகர், டாலஸ்

பதில்: சமைக்கலாம், சாப்பாட்டை வெளியே விட்டுவைக்கக்கூடாது. சமைத்து முடித்ததும் அரிசிப் பை, ஊறுகாய், இட்லிப் பொடி, அடுப்பு, கழுவிய பாத்திரம், குப்பை எல்லாவற்றையும் முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டியிலோ பூட்டிய காரிலோ வையுங்கள். பற்பசை, தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய்கூட அதில் சேர்த்தி, வாசனை வரும் எதுவும் கூடாரத்துக்குள் வரக்கூடாது. மனிதர் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டியதாகிவிடும், அதனால் தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம். ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டத்தால் துணிக் கூடாரத்துக்கே அனுமதி இல்லை. கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம், பைசன் போன்றவற்றிடமிருந்து 25 கஜம் தள்ளி நில்லுங்கள். பைசன் சாதுவாகத் தெரியும், ஆனால் நம்மைவிட வேகமாக ஓடும்.

கேள்வி: முகாமில் இடமே கிடைக்கவில்லை, என்ன செய்வது?
– வாசகர், ஆஸ்டின்

பதில்: ரத்தாகும் இடங்கள் வந்துகொண்டே இருக்கும், தினமும் பாருங்கள், விடாதீர்கள். வெந்நீர் ஊற்றுகள்தான் வேண்டுமென்றால் வெஸ்ட் எல்லோஸ்டோன் ஊரிலும், ஓநாய் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே கார்டினரிலும் தங்கலாம். பூங்காவுக்குள் சாலையோரம் காரை நிறுத்தித் தூங்க அனுமதி கிடையாது, அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.