அண்ணனிடம் போனீர்களா?

கேள்வி: அப்பா இறந்தபின் பாகம் பிரித்தபோது, அண்ணனுக்குச் சேர வேண்டிய மாந்தோப்பில் 12 சென்ட்டை அவருக்குத் தெரியாமல் என் பெயரில் எழுதிக்கொண்டேன். பிறகு ஓர் உபவாசக் கூட்டத்தில் அழுது மனந்திரும்பினேன். சபையிலும் சாட்சி சொன்னேன். விஷயம் தெரிந்ததிலிருந்து அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம், வரமாட்டேன் என்கிறார். ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து’ என்றுதானே தாவீது ஜெபித்தார்? தேவனே மன்னித்ததை அண்ணன் மன்னிக்க மறுப்பது பெருமை அல்லவா?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: அழுததை எழுதியிருக்கிறீர்கள், சாட்சி சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்த 12 சென்ட் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று எழுதவில்லை. உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் வசனம் உள்ள 51-ஆம் சங்கீதத்தைத் தாவீது பாடியபோது, அவர் யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டாரோ அந்த உரியா உயிரோடு இல்லை. தாவீதே அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொல்லவைத்தாயிற்று. இனி எந்த வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்பது? உங்கள் அண்ணன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். அந்த வசனத்தை அவருக்கு எதிராகத் திருப்பாதீர்கள். இயேசு சொன்ன உவமையில், சொத்தை அழித்த கெட்ட குமாரன் தகப்பனிடம் திரும்பி வந்தபோது, ‘பரத்துக்கு விரோதமாகவும், உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்’ என்று தேவனையும் தகப்பனையும் சேர்த்தே சொன்னான். சொல்ல வேண்டியவரின் முகத்துக்கு நேரே சொன்னான். குமாரன் என்று சொல்லப்படவே நான் பாத்திரன் அல்ல என்றும் சொன்னான். தாழ்மை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவன்தான். சபையில் மைக் பிடித்துச் சாட்சி சொல்வது அதைவிடச் சுலபம். அங்கே எதிரில் அண்ணன் உட்கார்ந்திருப்பதில்லை.

தேவனின் இரக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வரி வசூலிக்கிறவனான சகேயு ஒரு காசுகூடத் திருப்பித் தருமுன்பே, ‘இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்’ என்று இயேசு சொல்லிவிட்டார். இரக்கம் முந்திக்கொண்டது. அந்த இரக்கத்தைப் பெற்றவன் சும்மா இருக்க முடியாமல் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 5-ஆம் அதிகாரமும் பாவத்தை அறிக்கையிடச் சொன்ன கையோடு, முதலைத் திருப்பிக் கொடு, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடு என்கிறது. எலத்தகிரிப் பக்கம் கத்தோலிக்கர்களைக் கேட்டாலும், திருடியதைத் திருப்பித் தருவது கடமை என்றுதான் அவர்களுடைய மறைக்கல்வியும் சொல்கிறது என்பார்கள்.

சரி, செய்ய வேண்டியது இது. பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்து, அந்தப் பங்கை அண்ணன் பெயருக்கு மாற்ற எந்தப் பத்திரம் பொருந்தும் என்று கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, பட்டாவையும் மாற்றிக் கொடுங்கள். செலவு உங்களுடையது. அப்புறம், இத்தனை வருஷமாக அந்த மரங்களின் காய் மண்டிக்கோ கூழ் ஆலைக்கோ போயிருக்குமே, அந்தப் பணம்? அதையும் கணக்குப் பார்த்துக் கையில் கொடுங்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சமரசம் பேசவேண்டாம். நீங்கள் மட்டும் போங்கள்.

பெருமை யாருக்கு என்று கேட்டீர்கள். ஏமாற்றப்பட்டவர், எடுத்தவன் இன்னும் கையில் வைத்திருக்கிறான் என்று தெரிந்து ஒதுங்கியிருக்கிறார். அதைப் பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்க வேண்டிய பொறுப்பு அவருக்கும் உண்டுதான். அதை அவருக்கு நினைவூட்டும் இடத்தில் நீங்கள் இல்லை.

கல்யாணப் பத்திரிகையை இப்போது எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் நிலம் அவர் பெயருக்குப் போகட்டும். அதற்குப் பிறகும் அவர் பேசாமல் இருக்கலாம், கல்யாணத்துக்கு வராமலும் இருக்கலாம். வந்தால்தான் பத்திரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.