பழைய புகைபோக்கி, புதிய விறகு ஸ்டவ்: பழுதுக்குப் பொறுப்பு யார்?

கேள்வி: லண்டன் ஹரோவில் 1930களில் கட்டிய செமி-டிடாச்ட் வீடு (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் பொதுவான வீடு) எங்களுடையது. கடந்த ஒக்டோபரில் ஒரு பில்டரைப் பிடித்து முன் அறையில் விறகு ஸ்டவ் பூட்டுவித்தோம். வீட்டுக்கு வந்து பார்த்து, எங்கள் மேசையிலேயே இருந்து 4,200 பவுணுக்கு எழுதித் தந்தார். 'ஸ்டவ், புகைபோக்கித் திருத்தம், சகல சான்றிதழ்களும் அடக்கம்' என்று அதில் இருக்கிறது. 600 பவுணைக் கடனட்டையிலும் மீதியை வங்கி மூலமும் கொடுத்தோம். முதல் நாளிலிருந்தே அறைக்குள் புகை திரும்பி வருகிறது. சான்றிதழ் இன்னும் வரவில்லை. போன கிழமை பக்கத்து வீட்டு மேல்மாடிப் படுக்கையறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம் அடித்தது. அவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள். புகை பற்றிக் கவுன்சிலிடமிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பில்டரோ, 'உங்கள் புகைபோக்கி பழசு, ஈர விறகு வேறு எரிக்கிறீர்கள், லைனர் (புகைபோக்கிக்குள் விடும் உட்குழாய்) போட இன்னும் 2,800 தாருங்கள்' என்கிறார். காசைத் திரும்பப் பெற முடியுமா? எங்களுக்குத் தண்டம் விழுமா? அடுத்த வருடம் வீட்டை விற்கும் எண்ணமும் உண்டு.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்துக்கு முதல் ஒன்று. அந்த ஸ்டவ்வை இனி மூட்டாதீர்கள், எவ்வளவு குளிராக இருந்தாலும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பக்கத்து வீட்டில் அலாரம் இருந்தது எல்லோருடைய நல்ல காலம். இன்றைக்கே அவர்களிடம் நேரே போய், எரிப்பதை நிறுத்திவிட்டோம் என்று சொல்லுங்கள். அதையே இரண்டு வரியில் எழுதியும் கொடுங்கள். இரண்டு வீட்டிலும் யாருக்காவது தலையிடி, குமட்டல், தலைச்சுற்று இருந்தால் ஜிபியிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லிக் காட்டுங்கள். ஆபத்து என்று தெரிந்த பிறகும் எரித்தீர்கள் என்றால், இப்போது பில்டர் மேல் நிற்கும் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் மேல் ஏறிவிடும்.

புகை எப்படிச் சுவர் தாண்டியது என்பதை விளங்கிக்கொண்டால் உங்கள் வழக்கும் விளங்கிவிடும். அந்தக் காலத்துச் செமி வீடுகளில் கூரைக்கு மேல் தெரியும் புகைபோக்கி அநேகமாக இரண்டு வீட்டுக்கும் பொது. வெளியில் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பல குழாய்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. ஒன்று உங்கள் முன் அறைக்கு, இன்னொன்று அவர்கள் படுக்கையறையில் முன்பிருந்த அடுப்புக்கு. இரண்டையும் பிரிப்பது அரைச் செங்கல் தடிப்பு மட்டுமே. பல பத்து வருடக் கரிப்புகையும் தாரும் ஈரமும் பட்டு, செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்து மணலாக உதிர்ந்திருக்கும். ஒரு செங்கல் ஆடினாலே போதும், உங்கள் புகை அவர்கள் குழாயில் இறங்கி, அடைத்துவிட்டதாக நினைத்த பழைய அடுப்பு வாய் வழியாக அறைக்குள் வரும்.

நீங்கள் அனுப்பிய படத்தில், ஸ்டவ்வுக்கு மேலே ஒரு உலோகத் தட்டும் அதற்குள் செருகிய குட்டைக் குழாயும்தான் தெரிகின்றன. அதற்கு மேலே புகை வெறும் செங்கல் குழாய்க்குள் விடப்பட்டிருக்கிறது. இப்படிப் பூட்டுவது எப்போதும் பிழை என்று சொல்ல மாட்டேன். குழாய் நல்ல நிலையில் இருந்தால் லைனர் கட்டாயமில்லை. ஆனால் குழாய் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் யார்? பூட்டுகிறவர். கட்டட விதிகளின் ஜே பகுதிக்கான வழிகாட்டி ஏடு அதைத் தெளிவாகவே சொல்கிறது: பழைய புகைபோக்கியை மறுபடி பாவிப்பதற்கு முன் துப்புரவாக்கி, பரிசோதித்து, தகுதியானது என்று உறுதி செய்ய வேண்டும். குழாய்க்குள் புகை விட்டு, மேல்வாயை அடைத்து, எங்கே கசிகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. பக்கத்து வீட்டு அறைகளையும் அப்போது பார்க்க வேண்டும்.

ஆகவே 'புகைபோக்கி பழசு' என்பது அவருடைய சாட்டு அல்ல, அவருக்கு எதிரான சாட்சி. 1930களில் கட்டிய வீடு பழசு என்பது வாசலில் நின்றாலே தெரியும். 2015 நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, சேவை வழங்குகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. சோதிக்காமல் தொடுத்தது அந்தக் கடமையை மீறியது. 50ஆம் பிரிவு, அவர் சொன்னதையும் எழுதியதையும் நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால் அதையே ஒப்பந்தத்தின் பகுதியாக்குகிறது. 'சகல சான்றிதழ்களும் அடக்கம்' என்ற அந்தக் கடதாசியைப் பத்திரமாக வையுங்கள். உங்களிடம் இருக்கிற ஆகப் பெரிய ஆயுதம் அதுதான்.

சான்றிதழுக்கு வருவோம். இங்கிலாந்தில் விறகு ஸ்டவ் பூட்டுவது கட்டட விதிகளின் கீழ் அறிவிக்க வேண்டிய வேலை. ஹெட்டாஸ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட திட்டமொன்றில் பதிவானவர் என்றால் தானே சான்று கொடுக்கலாம், வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அதன் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். பதிவில்லாதவர் என்றால் வேலை தொடங்க முன்பே பில்டிங் கன்ட்ரோலுக்கு (கட்டட வேலைகளை விதிப்படி பரிசோதிக்கும் பிரிவு) அறிவித்திருக்க வேண்டும். ஹெட்டாஸ் இணையத்தளத்தில் அவருடைய பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் இல்லாமல் தன்னை ஹெட்டாஸில் பதிவானவர் என்று விளம்பரம் செய்திருந்தால் அது தனிக் குற்றம், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை வழியாக, வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அறிவியுங்கள். உங்கள் அறையில் அலாரம் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஸ்டவ் பூட்டும் அறையில் கார்பன் மொனொக்சைட் அலாரம் வைப்பது விதிப்படி கட்டாயம். வைக்கவில்லை என்றால் அதையும் குறைகளில் சேருங்கள்.

இனி, அந்த 2,800 பவுண். கொடுக்க வேண்டாம். முதலாவது வேலையைச் சோதிக்காமல் செய்தவரிடம் இரண்டாவது வேலையைக் கொடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவருக்குச் சம்பந்தமில்லாத, பதிவான ஒருவரைக் கூப்பிட்டு, கேமரா விட்டுக் குழாயைப் பார்த்து எழுத்தில் அறிக்கை எடுங்கள். எதையும் கழற்ற முன் படம் எடுங்கள். வந்து பார்க்கும்படி பில்டருக்கும் மின்னஞ்சலில் நாள் குறித்து அழைப்பு அனுப்புங்கள். வராவிட்டால் அது அவர் பாடு. பிறகு 'நான் பார்க்க முன்பே மாற்றிவிட்டார்கள்' என்று அவர் சொல்ல முடியாது. ஈர விறகு என்ற குற்றச்சாட்டுக்கு, விறகு வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் சிறிய அளவில் விற்கும் விறகு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இல்லாததாக இருக்க வேண்டும், 'ரெடி டு பேர்ன்' முத்திரையும் வேண்டும். அந்த முத்திரையுள்ள பை உங்களிடம் இருந்தால் அவருடைய வாதம் பெரும்பாலும் விழுந்துவிடும். தோட்டத்தில் வெட்டியதையோ பழைய பலகையையோ எரித்திருந்தால் எனக்கு உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால் நீதிமன்றத்தில்தான் வெளியே வரும். எப்படியானாலும், ஈர விறகு கூடுதல் புகை தரும், சுவரில் ஓட்டை போடாது.

அறிக்கை கையில் வந்ததும் பில்டருக்கு ஒரு கடிதம். குறைகளைச் சொல்லி, தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு அவருடைய செலவில் சரிசெய்து சான்றிதழ் எடுத்துத் தர 14 நாள் அவகாசம் கொடுங்கள். சட்டம் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கச் சொல்கிறது. மறுத்தால், அல்லது இழுத்தடித்தால், விலைக் குறைப்புக் கேட்கலாம். பாவிக்கவே முடியாத வேலை என்றால் அது முழுத் தொகை வரை போகலாம்.

லைனர் செலவை அவர் தலையில் கட்ட முடியுமா என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நீதிபதி இப்படிக் கேட்பார்: 'அவர் ஒக்டோபரிலேயே ஒழுங்காகச் சோதித்து, லைனர் வேண்டும் என்று சொல்லியிருந்தால், அந்தக் காசை நீங்கள் அப்போதே கொடுத்திருப்பீர்கள் அல்லவா?' சாதாரணமாக இதற்கு ஆம் என்பதுதான் பதில். அப்போது லைனரின் விலை உங்களுடையது. வீணான வேலை, கழற்றும் செலவு, இரண்டாம் முறை சாரம் கட்டும் செலவு போன்றவை மட்டும் அவருடையவை. ஆனால் உங்கள் கடதாசியில் புகைபோக்கித் திருத்தமும் சான்றிதழும் ஒரே தொகைக்குள் அடங்கியிருக்கின்றன. சான்றிதழ் பெறக்கூடிய ஸ்டவ்வை 4,200க்குத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதற்கு லைனர் வேண்டுமென்றால் லைனரும் அந்த விலைக்குள்தான் என்று வாதாடுவேன். வெல்லக்கூடிய வாதம். ஆனாலும் உங்கள் கோரிக்கைக் கடிதத்தில் லைனரைத் தனித் தொகையாகக் காட்டுங்கள். அது தோற்றாலும் மற்றவை நிற்கும்.

வீட்டிலிருந்தே ஒப்பந்தம் எழுதியதால் உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கலாம். 2013 நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகளின்படி, வீட்டுக்கு வந்து ஒப்பந்தம் செய்கிறவர் 14 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமையை எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் காலம் மேலும் 12 மாதம் வரை நீளும். அவர் தந்த கடதாசிகளில் அப்படி ஒரு அறிவித்தல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ரத்துக் கடிதம் அனுப்ப முன் ஒரு சொலிசிட்டரிடம் அந்தக் கடதாசிகளைக் காட்டுங்கள். சரியாகப் பாவித்தால் வலுவான வழி, அவசரத்தில் எழுதினால் மற்ற உரிமைகளோடு முட்டிக்கொள்ளும்.

கடனட்டையில் கொடுத்த 600 பவுணைச் சிறிய தொகை என்று எண்ண வேண்டாம். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, வாங்கியதன் விலை 100 பவுணுக்கு மேலும் 30,000 பவுணுக்கு மேற்படாமலும் இருந்தால், அதில் ஒரு பகுதியை மட்டும் கடனட்டையில் கொடுத்திருந்தாலும், முழு ஒப்பந்தத்துக்கும் அட்டை நிறுவனம் பில்டரோடு சேர்ந்து பொறுப்பு. காசு நேராகப் பில்டருக்குப் போயிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பில்டர் நாளைக்கே கடையைச் சாத்தினாலும் வங்கி ஓடிவிடாது. அறிக்கையையும் கடிதத்தையும் இணைத்து 75ஆம் பிரிவின் கீழ் கோருங்கள். எட்டுக் கிழமையில் தீர்க்காவிட்டால், அல்லது மறுத்தால், நிதிச் சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளைத் தீர்த்துவைக்கும் சுயாதீன அமைப்பு) இலவசமாகப் போகலாம். மறுப்புக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். என்னிடம் கேட்டால், நீதிமன்றத்துக்கு முதல் இதைத்தான் செய்வேன்.

அப்படியும் வழக்கு வேண்டியிருந்தால், 10,000 பவுண் வரை சிறுகோரிக்கைப் பிரிவில் சொலிசிட்டர் இல்லாமலே நடத்தலாம். வென்றாலும் வழக்கறிஞர் செலவு பெரும்பாலும் திரும்பி வராது என்பதால் நானே அதைச் சொல்கிறேன். இலவச மத்தியஸ்தத்துக்கு முதலில் அனுப்புவார்கள். நிபுணர் அறிக்கையை அங்கே சாட்சியாக வைக்க நீதிமன்றத்தின் அனுமதி தேவை, அதற்கான செலவில் 750 பவுண் வரைதான் மீட்கலாம். ஒப்பந்த மீறலுக்குக் கால எல்லை ஆறு வருடம் என்றாலும் காத்திருக்காதீர்கள்.

கவுன்சில் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் புகை விட்டதற்கு 175 முதல் 300 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். விதிக்க முன், அந்த எண்ணத்தை அறிவிக்கும் நோட்டீஸ் வரும், அதற்கு ஆட்சேபணை தெரிவிக்கலாம். உங்களுக்கு வந்தது வெறும் எச்சரிக்கை என்றால், எரிப்பதை நிறுத்திவிட்டதாகவும் பிழையான பொருத்தலை விசாரிப்பதாகவும் உடனே பதில் எழுதுங்கள். ஸ்டவ்வின் மாடலை டெஃப்ராவின் (அரசின் சுற்றுச்சூழல் அமைச்சு) அனுமதிப் பட்டியலிலும் தேடுங்கள். பட்டியலில் இல்லாத ஸ்டவ்வில் அந்தப் பகுதிகளில் விறகு எரிக்கவே முடியாது. அப்படியானதை ஹரோ வீடொன்றுக்கு அவர் விற்றிருந்தால் உங்கள் கோரிக்கை இன்னும் பலமாகும்.

கட்டட விதி மீறல்தான் தண்டத்தை விடக் கனமானது. திருத்தவோ கழற்றவோ சொல்லும் நோட்டீஸ் வீட்டு உரிமையாளருக்குத்தான் வரும், பில்டருக்கு அல்ல. முன்பு ஒரு வருடமாக இருந்த கால எல்லையை 2023 ஒக்டோபர் முதல் பத்து வருடமாக நீட்டிவிட்டார்கள். விற்கும்போது வாங்குகிறவரின் சொலிசிட்டர் ஸ்டவ்வுக்குச் சான்றிதழ் கேட்பார். சான்றிதழ் இல்லாவிட்டால் ஒரு சின்னக் காப்புறுதி எடுத்துச் சமாளிக்கலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். வேண்டாம். அந்தக் காப்புறுதி காசை மட்டும்தான் காக்கும், அடுத்துக் குடிவரும் குடும்பத்தின் மூச்சைக் காக்காது. சரியாகத் திருத்திய பிறகு கவுன்சிலிடம் ரெகுலரைசேஷன் சான்றிதழுக்கு (அறிவிக்காமல் செய்த வேலைக்குப் பின்னர் கொடுக்கும் சான்று) விண்ணப்பியுங்கள். அல்லது ஸ்டவ்வை முழுதாகக் கழற்றிவிடுங்கள். இதற்கிடையில் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் நடந்ததை அறிவியுங்கள்.

அயலவர் விடயம் கடைசி. உங்கள் குழாய்க்குள் லைனர் விடுவதற்கு மட்டும் பொதுவாக அவர்களுக்கு நோட்டீஸ் தேவையில்லை. பொதுப் புகைபோக்கியைப் பிரித்துக் கட்டவோ பொதுச் சுவரை வெட்டவோ வேண்டியிருந்தால் 1996 பொதுச்சுவர்ச் சட்டப்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழுது பழமையால் வந்தது என்றால், பாவனையையும் பொறுப்பையும் பார்த்துச் செலவை இருவரும் பகிரலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளின் அறைக்குள் புகை போன பிறகு பங்கு கேட்டு முதலில் கதவைத் தட்டாதீர்கள். அவர்கள் பக்கத்துக் குழாயையும் அதே கேமராவால் பார்த்துக் கொடுங்கள். அந்தச் செலவையும் பில்டரிடம் கோரலாம்.

பில்டர் லிமிட்டெட் கொம்பனியா, தனி ஆளா என்பதை இந்தக் கிழமையே கம்பனீஸ் ஹவுஸ் (அரசின் கொம்பனிப் பதிவகம்) தளத்தில் பாருங்கள். கொம்பனியைப் பதிவிலிருந்து நீக்க விண்ணப்பித்திருந்தால், உங்கள் கோரிக்கையைக் காட்டி அதே தளத்தில் இலவசமாக ஆட்சேபிக்கலாம். அதற்கான கால அவகாசம் குறுகியது.